சும்மா உட்கார்ந்ததற்கு அறுநூறு

ஜூலை 7, திங்கள்

காலையில் காஸ் சிலிண்டர் வந்தது. அதன் பின்னாலேயே கூரியர்காரர் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். மெல்போர்னில் இருந்து பிரபாகர் தன் அப்பாவுக்கு அனுப்பிய கைக்கடிகாரம். மணி காட்டுவது அதற்கு உபதொழில்தான். நடை, நாடித்துடிப்பு, தூக்கம், எரித்த கலோரி என்று எல்லாவற்றையும் சொல்லுமாம்.

பிரபாகரின் அப்பா என் அண்ணா நாச்சிமுத்து. முப்பது வருடம் பொள்ளாச்சியில் இருந்து வால்பாறைக்கு பஸ் ஓட்டியவர். டீசல் மிச்சம் பிடித்ததற்காக டிப்போவில் கொடுத்த சுவர்க் கடிகாரம் என் வீட்டு ஹாலில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணி போன பிறகு அவர் தனியாக இருந்தார். மே மாதம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதன் பிறகு தனியாக இருக்கட்டும் என்று விட எனக்கு மனம் வரவில்லை, கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். வீட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

கோயமுத்தூர் டாக்டரம்மா சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: மேடு ஏறாமல் சமதளத்தில் அரை மணி நேரம் நடக்க வேண்டும். எடை குறைய வேண்டும். மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. "தவறுனா அடுத்த தடவை நடந்து வர மாட்டீங்க, தூக்கிட்டுத்தான் வருவாங்க" என்றார். ஆகஸ்டில் மறுபடி பரிசோதனை.

கடிகாரத்தைப் போனோடு இணைத்து வயது, உயரம், எடை எல்லாம் நானே போட்டுக் கொடுத்தேன். எடை எண்பத்து நான்கு. அண்ணா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததும் விடியாததுமாக சமையலறைக்கு வந்து மணிக்கட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அம்மிணி, இங்க பாரு. ரா முச்சூடும் தூங்கியே முந்நூத்தம்பது எரிச்சிருக்கறேன்."

மூன்று தோசை என்பது டாக்டரம்மா சொன்ன கணக்கு. எரித்துவிட்ட உரிமையில் நான்காவது கேட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து விளக்கினேன்.

"ஏனுங்ணா, போன வருசம் வீட்டைப் பூட்டிட்டு ஒரு வாரம் திருச்செந்தூர் போனமல்ல? அப்பவும் கரண்ட் மீட்டர் ஓடுச்சு. எதுனால? ஃப்ரிட்ஜ் ஓடுனதுனால. உங்க நெஞ்சு, மூளை, ஈரல் எல்லாம் அந்த ஃப்ரிட்ஜ் மாதிரிங். நீங்க தூங்குனாலும் அது ஓடித்தான் ஆகணும். அந்தக் கலோரியும் சேர்ந்துதான் இதுல தெரியுது. நீங்க நடந்து எரிச்சது அதுல கொஞ்சூண்டுதான்."

"ஃப்ரிட்ஜு ஓடுனா அதுவும் செலவுதான? செலவானதை நெரப்ப வேண்டாமா?"

"அதை நெரப்பறதுக்குத்தான் மூணு தோசை."

"எனக்கு ஈரல் கொஞ்சம் பெருசு அம்மிணி."

நான்காவதும் போயிற்று. ஐந்தாவதும் போயிற்று. எட்டாம் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்ததில்லை.

ஜூலை 11, வெள்ளி

மைதானத்தில் நடந்துவிட்டு வந்த அண்ணாவின் சட்டையில் தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்தது. விசாரித்தேன். மில்லில் இருந்து ஓய்வு பெற்ற சென்னியப்பனும் இன்னும் இரண்டு பேரும் அங்கே கூட்டாளிகள். எல்லார் கையிலும் இந்தக் கடிகாரம். நடந்து முடித்ததும் நேரே பேக்கரி. அங்கே மேஜையில் நான்கு கைகளையும் வரிசையாக வைப்பார்களாம். யாருடைய கலோரி குறைவோ அவர்தான் அன்றைக்கு எல்லாருக்கும் டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

"எரிச்சதைக் கொண்டாட வேண்டாமா?" என்கிறார்.

அரை மணி நேர நடையில் எரிந்தது நூற்றைம்பது. ஒரு தேங்காய் பன் அதைப்போல இரண்டு மடங்கு. தொட்டியில் இருந்து ஒரு குடம் இறைத்துவிட்டு, இறைத்த களைப்புக்காக அதிலேயே இரண்டு குடம் ஊற்றுவது போல என்று சொன்னேன்.

"நீ என்னத்தையோ சொல்ற. அங்க எண்ணு கொறஞ்சு எல்லார்த்துக்கும் முன்னால கேவலப்படறது நாந்தான" என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

மாவாட்டுவதற்கு அண்ணாவே முன்வந்தார். கையை ஆட்டிக்கொண்டே இருந்தால் எண் ஏறுமாம். கிரைண்டர் தானாகத்தான் சுற்றுகிறது. அவர் பக்கத்தில் நின்று கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தாயிற்று. காற்று கொடியில் காய்ந்த துணியை எல்லாம் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வரும்போது சென்னியப்பன் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஆள் நூறு கிலோவுக்குக் குறையாது. நல்ல மனிதர், சிரித்தால் நாற்காலியும் சேர்ந்து சிரிக்கும்.

"டீச்சர், உங்க அண்ணனுக்குச் சொல்லி வைங். ஒரு வாரமா அவருதான் டீ வாங்கித் தர்றாரு. எனக்கே பாவமா இருக்குதுங்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, ஒரு ஆளு வெறுங்கையோட நடக்கறாரு. இன்னொருத்தர் தோள்ல அரிசிச் சிப்பத்தோட நடக்கறாரு. யாருக்கு சிரமம் ஜாஸ்தி?"

"சிப்பம் தூக்குனவருக்குத்தானுங்."

"நீங்க சிப்பத்தோட நடக்கறீங்க. உடம்புலயே வெச்சிருக்கறீங்க. அதனால உங்களுக்கு எண்ணு ஜாஸ்தி காட்டுது. அது கெட்டிக்காரத்தனம் இல்லீங்."

சென்னியப்பன் தன் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணா சிரிக்கவில்லை. சென்னியப்பன் போனதும், "வீட்டுக்கு வந்த மனுசன இப்பிடியா பேசறது?" என்று என்னைக் கோபித்துக்கொண்டார். நான் யாருக்காகப் பேசினேன்!

ஜூலை 22, செவ்வாய்

எடை பார்த்தோம். எண்பத்தொன்று! மூன்று கிலோ குறைந்திருக்கிறது. அந்தப் பன்களையும் மீறிக் குறைந்திருக்கிறது என்றால் நான் மதியத்தில் எண்ணெயை அளந்து ஊற்றுவதும் ஒரு காரணம். சந்தோஷத்தில் போனை எடுத்துப் புது எடையைப் போட்டுவிட்டேன். தப்பான எடையை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் விடை எப்படிச் சரியாக வரும்?

சாயங்காலம் பூகம்பம்.

"என்ற கணக்குல நீ கை வெச்சியா?"

"எடைய மாத்துனேங்ணா. கொறஞ்சிருக்குதல்ல?"

"அதே கிரவுண்டு, அதே நடை. நேத்தைக்கு விட இன்னைக்குக் கொறைச்சலாக் காட்டுது. சென்னியப்பன் என்னடான்னா, நாச்சிமுத்து, உனக்கு வயசாயிப்போச்சு, தெம்பு போச்சுங்கறான். எல்லாம் உன்னாலதான்."

"சிப்பம் மூணு கிலோ கொறஞ்சிருச்சுங்ணா. கொறஞ்ச சிப்பத்தைத் தூக்கிட்டு நடக்க கொறஞ்ச கலோரி போதும். இது நல்ல சேதி!"

"நல்ல சேதின்னா எதுக்கு நான் டீ வாங்கிக் குடுக்கறேன்?"

பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. கேட்கிற காது வேண்டும். ரசம் மட்டும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். தெம்பு போச்சு என்று அந்த ஆள் சொன்னது அவருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

இன்று ஒரு நல்ல காரியம் நடந்தது. அண்ணா தானாகவே வந்து ஒரு கேள்வி கேட்டார். நல்ல மாணவன் கேட்கும் கேள்வி.

"அம்மிணி, சென்னியப்பனுக்கு நடக்கறப்ப நாடி நூத்தி இருவதுக்கு மேல போகுது. எனக்குத் தொண்ணூறுகூடத் தாண்டறதில்ல. அது ஏன்?"

எனக்கு வந்த உற்சாகத்தில் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா கொடுத்த மாத்திரைகளில் ஒன்று, அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை, நெஞ்சு வேகமாக அடிக்காமல் பிடித்து வைக்கிறது. மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கில் கால் வைத்தபடியே வருவது போல. கடிகாரம் நம் வயிற்றுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. நாடித்துடிப்பு, கையசைவு, எடை, வயது இவற்றை வைத்து உத்தேசமாகத்தான் கலோரி சொல்கிறது. நாடி அடங்கியிருந்தால் எண்ணும் அடங்கியிருக்கும். ஆக, எண் குறைவாகத் தெரிவதற்கு அந்த மாத்திரையும் ஒரு காரணம். தெம்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"அந்தச் சின்ன வெள்ளை மாத்திரதான?" என்று கேட்டுக்கொண்டார். ஒரு தடவை சொன்னதிலேயே பிடித்துக்கொண்டார். முப்பத்து நான்கு வருடம் பாடம் நடத்தியது வீண் போகவில்லை.

ஜூலை 28, திங்கள்

அண்ணாவின் முகத்தில் தெளிச்சி வந்திருக்கிறது. எண் ஏறுகிறதாம். சனிக்கிழமை டீ வாங்கிக் கொடுத்தது கூட்டாளிகளில் இன்னொருவராம்! என் மேல் இருந்த கோபமும் போய்விட்டது. மாத்திரைக்காகக்கூட நான் கத்த வேண்டியிருப்பதில்லை. நான் எடுத்து வைத்ததும் தம்ளரோடு கொல்லைப்பக்கம் போய், செடிகளைப் பார்த்துக்கொண்டே போட்டுக்கொள்கிறார். காற்றாட நிற்பது நல்லதுதான்.

கொஞ்சம் மூச்சு வாங்குவது போலத் தெரிந்தது. கேட்டால், "வேகமா நடந்தேன், அவ்வளவுதான்" என்றார்.

தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வரவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் அண்ணா மைதானத்துக்குப் போன பிறகு கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விட்டேன். தொட்டி மண்ணில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. முட்டை ஓடு என்று நினைத்துக் கிளறினேன். மாத்திரைகள். பாதி கரைந்தவை, கரையாதவை. மற்ற மாத்திரை ஒன்றுகூட இல்லை. அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை மட்டும்.

எப்படி மைதானம் போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை. ஆட்டோவில்தான் போயிருக்க வேண்டும். பேக்கரி வாசலில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வேர்வை. கையை நெஞ்சில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கேஸ்தான் அம்மிணி. பன்னு ஒத்துக்கலை" என்றார். மேஜையில் மற்ற மூன்று பேரும் கையை நீட்டி வைத்திருந்தார்கள். சென்னியப்பன்தான் தன் காரை எடுத்தார். வழி முழுக்க அவர், "எனக்குத் தெரியாதுங் டீச்சர், எனக்குத் தெரியாதுங்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

உள்ளே கொண்டு போகும்போது நர்ஸ் கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். பையில் போட்டால் தொலைந்துவிடும் என்று என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். கதவுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி நேரம் இருக்கும். சென்னியப்பன் காபி வாங்கி வந்து வைத்தார். அது ஆறிப்போயிற்று.

பிறகு டாக்டரம்மா வந்தார். புதிதாக அடைப்பு இல்லை. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தியதில் இதயம் தறிகெட்டு ஓடியிருக்கிறது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் பேச்சே வேறு என்றார். "யாரு இவரை நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார்.

ஒரு விளக்கம் எங்கே போய் முடியும் என்று விளக்குகிறவருக்குத் தெரிவதில்லை. பென்சில் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னேனே!

ஆகஸ்ட் 2, சனி

வார்டுக்கு மாற்றினார்கள். கண் திறந்து என்னைப் பார்த்ததும் அண்ணா கேட்ட முதல் கேள்வி:

"வாட்சு எங்க? எவ்வளவு காட்டுது?"

எனக்கு நிதானம் போய்விட்டது. பிள்ளைகளிடம்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஹால்ல தொங்குதே ஒரு கடியாரம், அதை எதுக்குங்ணா குடுத்தாங்க?"

"எதைச் சொல்ற? டிப்போவுல குடுத்ததா?"

"ஆமா. ஜாஸ்தி டீசல் குடிச்சதுக்கா குடுத்தாங்க?"

"ஏம்மிணி, பைத்தியமா உனக்கு? டீசல் மிச்சம் பண்ணுனதுக்கு. டிப்போவுலயே என்ற வண்டிதான் மைலேஜ்ல முதல்."

"அப்பத் தெரிஞ்சது இப்ப ஏன் தெரியலை? அதே வால்பாறை, அதே வளைவு. ஒரு வண்டி கொறைச்ச டீசல்ல ஏறுது. இன்னொரு வண்டி டேங்கையே குடிச்சுப்போட்டு ஏறுது. எது நல்ல வண்டி?"

போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டார்.

"ஸ்டாண்டுல ஆள் ஏத்தறப்ப இஞ்சினை அணைக்காம நிறுத்தி வெச்சாலும் டீசல் எரியும். அதுதான் நீங்க ராத்திரி தூங்கி எரிச்சது. அதுக்கு நடந்த கூலி கேக்கக் கூடாது. அதே நடைக்கு எண்ணு கொறையுதுன்னா இஞ்சின் நல்லாயிட்டு வருதுன்னு அர்த்தம். எண்ணு ஏறோணும்னு பிரேக்கைக் கழட்டி வீசிட்டு மலை எறங்குவீங்களா? முப்பது வருசம் சனத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த மனுசன், ஒரு டீக்கும் பன்னுக்கும்..."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி ஏசி.

அண்ணா என் பக்கம் திரும்பி, "இதை மொதல்லயே இப்பிடிச் சொல்லியிருக்கலாமல்ல?" என்றார். என்ன மனிதர்!

பிறகு போனை வாங்கி நகர்த்திக்கொண்டிருந்தார். திடீரென்று, "இதென்ன? வியாழக்கிழமை காலம்பற நான் உள்ள படுத்துக் கெடக்கறேன். மூணு மணி நேரத்துல அறுநூறுக்கு மேல எரிஞ்சிருக்குது. நாடி மேலேயே நிக்குது. யாரு மலையேறுனது?" என்றார்.

"வாட்ச் என் கையில இருந்துச்சுங்."

"எங்க ஓடுன நீ?"

"எங்கயும் போகலை. நாற்காலியிலதான் உக்கார்ந்திருந்தேன்."

"சும்மாவா?"

"சும்மாதான். உங்க எடையும் வயசும் போட்டிருக்கறதுனால எனக்குத் தப்பாக் காட்டியிருக்கும்" என்று காரணம் சொன்னேன். அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் மாத்திரை கொண்டு வந்தாள். அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை முதலில் எடுத்துப் போட்டுக்கொண்டு, வாயை அகலமாகத் திறந்து எனக்குக் காட்டினார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆஸ்பத்திரி கேன்டீனில் எலுமிச்சை சாதம். உப்பு இல்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

பரிசோதனை முடிந்தது. டாக்டரம்மாவுக்குத் திருப்தி. எடை எண்பது.

அண்ணா மறுபடி நடக்கப் போகிறார். மெதுவாக. நானும் கூடப் போகிறேன். எனக்கும் நடை வேண்டும் என்பதால்தான், காவலுக்கு இல்லை. இன்று முதல் முறையாக அந்தப் பேக்கரிக்குள் போனேன். நான்கு கைகளும் மேஜைக்கு வந்தன. வழக்கம்போல அண்ணாவின் எண்தான் கடைசி. அவரோ நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"இனி சட்டம் மாறியாச்சு. டீசல் ஜாஸ்தி குடிச்ச வண்டிதான் செலவு பண்ணோணும். சென்னியப்பா, நாலு டீ, சக்கரை இல்லாம. டீச்சரம்மாளுக்கு ஒரு காபி. பன்னு வேண்டாம்."

"இது என்னுங்க அநியாயம்? சிப்பமும் நான் தூக்கோணும், டீயும் நான் வாங்கோணுமா?"

"சிப்பத்தை எறக்கு. டீ தானா நிக்கும்."

சென்னியப்பன் என்னைப் பார்த்து, "எல்லாம் நீங்க பண்ற வேலைங் டீச்சர்" என்றார். காபி நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

ஒரு சந்தேகம் மனதில் அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு கருவி தப்பாகக் காட்டுகிறது என்று சொன்னால் எவ்வளவு தப்பு என்று அளந்து பார்க்க வேண்டும். அதுதான் முறை. அண்ணாவிடம் கடிகாரத்தைக் கேட்டேன்.

"என்ன பரிச்ச?"

"சும்மா, கருவியைச் சோதிக்கறேன்."

அவருடைய கணக்கிலேயே வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தேன். எழுபதுகூட வரவில்லை. பிறகு என் வயதையும் எடையையும் போட்டு இன்னொரு மணி நேரம் உட்கார்ந்தேன். இன்னும் குறைந்தது. எப்படிப் பெருக்கினாலும் மூன்று மணி நேரத்துக்கு இருநூறைத் தொடுவதே அதிகம். அறுநூறு வர வழியே இல்லை. ஆள் மாறியதால் வந்த பிழை என்று நான் சொன்ன காரணம் நிற்கவில்லை.

அண்ணா எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். எண்ணை எட்டிப் பார்த்தார்.

"அப்ப அன்னைக்கு?"

"அன்னைக்கு அங்க ஏசி ஜாஸ்திங்ணா. குளிருல உடம்பு சூட்டைக் காப்பாத்திக்கறதுக்காகக் கூடுதலா எரிக்கும். ஸ்வெட்டர் கொண்டு போயிருக்கலாம்."

உரித்த பட்டாணியில் ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"சரீங்க டீச்சர்" என்றார்.

ஜூலையில் இருந்து நான் சொன்ன அத்தனை விளக்கங்களில், எதிர்க்கேள்வி கேட்காமல் அவர் ஏற்றுக்கொண்டது இது ஒன்றைத்தான்.